திஸ் வார் ஆஃப் மைன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர் என்றாலே துப்பாக்கியைக் கையில் கொடுத்து முன்னே போ என்பதுதான் வீடியோ கேம்களின் வழக்கம். வார்சாவைச் சேர்ந்த 11 பிட் ஸ்டூடியோஸ் நிறுவனம் 2014 நவம்பரில் வெளியிட்ட ‘திஸ் வார் ஆஃப் மைன்’ விளையாட்டில் நம்மிடம் ஒப்படைக்கப்படுவது ஓர் இடிந்த வீடும் பசித்த மூன்று மனிதர்களும். இந்த விளையாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் வந்து விழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இரண்டு பதில்களில் கதை வெளிப்படும். அங்கே முதலிலேயே எச்சரித்துவிடுகிறேன்.

இதில் நாம் யார்? என்ன செய்ய வேண்டும்?

பொகோரன் என்பது கற்பனை நகரம். அரசுப் படைக்கும் கிளர்ச்சியாளர்களுக்கும் நடுவில் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஓடி ஒளிய வழியில்லாத பொதுமக்கள் சிலர் ஒரு பாழடைந்த கட்டடத்தில் ஒதுங்குகிறார்கள். போர் நிறுத்தம் வரும்வரை அவர்களை உயிரோடு வைத்திருப்பது நம் வேலை. அவ்வளவுதான். யார் பக்கம் நியாயம், போர் ஏன் மூண்டது என்பதையெல்லாம் விளையாட்டு விளக்குவதில்லை. தண்ணீருக்கு அலைகிறவனுக்கு அது தேவையும் இல்லை.

பகலில் ஸ்னைப்பர்களுக்குப் பயந்து யாரும் வெளியே தலைகாட்ட முடியாது. அடுப்பு மூட்டுவது, கட்டில் செய்வது, மழைநீர்த் தொட்டி அமைப்பது, சுவர் ஓட்டைகளைப் பலகையால் அடைப்பது என்று வீட்டு வேலைகள் நடக்கும். இருட்டியதும் ஒருவர் மட்டும் பையை எடுத்துக்கொண்டு நகரத்தில் ஓர் இடத்துக்குப் பொருள் தேடிப் போவார். மற்றவர்கள் தூங்கலாம், அல்லது திருடர் வராமல் காவல் இருக்கலாம். விடிவதற்குள் போனவர் திரும்ப வேண்டும்.

இது சரயேவோவின் கதைதானே?

பெயர் சொல்லாமல் சொல்லப்படும் கதை என்று வைத்துக்கொள்ளலாம். போஸ்னியத் தலைநகர் சரயேவோ 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை முற்றுகையில் கிடந்தது. கணக்குப் பார்த்தால் 1,425 நாட்கள். 11,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போஸ்னியப் போரில் முற்றுகைக்குள் பிழைத்த ஒருவர் இணையத்தில் எழுதிய நினைவுக் குறிப்பைப் படித்த பிறகுதான் இப்படி ஒரு விளையாட்டைச் செய்யலாம் என்ற எண்ணமே நிறுவனத்துக்கு வந்தது. அதோடு, அவர்கள் உட்கார்ந்து வேலை செய்யும் நகரம் வார்சா. 1944 எழுச்சியின்போது 63 நாட்கள் தெருத்தெருவாகப் போர் நடந்து, பிறகு ஜெர்மானியர்களால் திட்டமிட்டுத் தரைமட்டமாக்கப்பட்ட நகரம். அவர்களுக்கு இந்தக் கதை தாத்தா பாட்டி வாயிலாகவே தெரியும்.

சரயேவோவைப் படித்துவிட்டு விளையாடினால் ஒவ்வொரு பொருளும் வேறு மாதிரி தெரியும். சிகரெட் அங்கே உண்மையிலேயே பணம்போலப் புழங்கியது. சம்பளத்தையே சிகரெட்டாகக் கொடுத்தார்கள். குளிர்காயப் பூங்கா மரங்களையெல்லாம் வெட்டினார்கள். தண்ணீருக்கு மதுபான ஆலையின் ஊற்றில் வரிசை கட்டி நின்றார்கள், அந்த வரிசை மேலும் குண்டு விழுந்தது. நிவாரணமாக வந்த டின் மாட்டிறைச்சியை வேண்டாவெறுப்பாகத் தின்று பிழைத்தவர்கள், பிற்பாடு அந்த டின்னுக்கே நகரத்தில் சிலை வைத்தார்கள், ‘நன்றியுள்ள சரயேவோ மக்கள்’ என்று கேலியாகக் கல்வெட்டும் பொறித்து. விளையாட்டில் ஒரு டின் உணவு கிடைத்ததும் நமக்கு வரும் சந்தோஷத்தை அந்த ஊர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்.

அறச்சிக்கல் நிறைந்த விளையாட்டு என்கிறார்கள். ‘அ’வா ‘ஆ’வா என்று கேட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல்லுமா?

பெரும்பாலும் கேட்காது. என்னைக் கேட்டால் இந்த விளையாட்டின் சிறப்பே அங்கேதான் இருக்கிறது. நல்லவனாக இருக்க இந்தப் பொத்தான், கெட்டவனாக இருக்க அந்தப் பொத்தான் என்று வேறு பல விளையாட்டுகள் மேடை போட்டுக் கேட்கும். நாமும் நம் நல்ல மனசைக் காட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவோம். அதற்கு நமக்கு எந்தச் செலவும் இல்லை.

இங்கே எல்லாம் பையில்தான் இருக்கிறது. பையில் இத்தனை கட்டங்கள் என்று அளவு உண்டு. ஆள் பழைய தீயணைப்பு வீரர் மார்கோ என்றால் 15 கட்டம், மற்ற பலருக்கு அதைவிடக் குறைவு. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, அடுப்புக்கு விறகு இல்லை. அலமாரியைத் திறக்கிறீர்கள். மருந்து, இறைச்சி, பலகை, கொஞ்சம் காபித்தூள். காபியை விட்டுவிட்டுப் பலகையை எடுக்கிறீர்கள். அடுத்த அறையில் இன்னொரு அலமாரி, அதன்மேல் ‘தனியார் உடைமை’ என்ற குறிப்பு. அதாவது அது யாரோ ஒருவருடையது, எடுத்தால் திருட்டு. கை அங்கே போகும்போது எந்த இசையும் எழாது, எந்த நீதிபதியும் வரமாட்டார். காய்ச்சலில் கிடப்பவரின் முகம் மட்டும் நினைவுக்கு வரும். எடுத்துவிடுவீர்கள்.

புள்ளிகளும் கிடையாது, ‘உங்கள் நற்பண்பு 70 சதவீதம்’ போன்ற அளவுகோலும் கிடையாது. மறுநாள் காலை வீட்டில் இருப்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் மதிப்பெண். ஒருவர் தலைகுனிந்து மெதுவாக நடப்பார். இன்னொருவர் ‘வேறு வழி இல்லை’ என்று தன்னைத் தேற்றிக்கொள்வார். ஆளுக்கு ஆள் மனசாட்சியின் கனம் வேறு. அதையும் விளையாட்டு கணக்கில் வைத்திருக்கிறது.

பொருள் தேடிப் போகும் இடங்களில் ஒன்றான ‘அமைதியான வீட்டில்’ இருக்கும் முதியவர்களிடம் திருடாமல் பிழைக்க முடியாதா? (கதை வெளிப்படும்)

முடியும். அதுதான் சங்கடம். அந்த வீட்டில் உணவும் மருந்தும் நிறைய இருக்கின்றன, தடுக்க ஆளில்லை. கதவைத் திறந்து உள்ளே போனால் வயதானவர் ஒருவர் அறை அறையாக நம் பின்னாலேயே வருவார். அடிக்கமாட்டார், கத்தமாட்டார். மனைவிக்கு உடம்பு சரியில்லை, எங்களை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டே வருவார். குளிர்பதனப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பொருளாகப் பைக்குள் இழுத்துப் போடும்போதும் அவர் பக்கத்திலேயே நிற்பார். ஆயுதம் ஏந்திய கொள்ளையரோடு மோதும் இடங்கள் இதே விளையாட்டில் உண்டு. எனக்கு அவை எதுவும் இந்த வீட்டு அளவுக்குக் கனக்கவில்லை.

எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விட்டுச் சில நாள் கழித்து அதே வீட்டுக்குத் திரும்பினால் என்ன பார்ப்பீர்கள் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள். பாதியை விட்டுவந்தால் என்ன, மருந்தை மட்டும் தொடாமல் வந்தால் என்ன என்றும் கேட்கிறார்கள். அதற்கான பதிலைப் பட்டியல் போட்டுத் தரும் இணையதளங்கள் இருக்கின்றன. நான் தரப்போவதில்லை. எவ்வளவு திருடினால் தண்டனை வராது என்று தெரிந்துகொண்டு உள்ளே போவதற்கு அந்த வீட்டுக்குப் போகாமலே இருக்கலாம்.

சூப்பர் மார்க்கெட்டில் அந்தப் பெண்ணைக் காப்பாற்றுவது எப்படி? (கதை வெளிப்படும்)

சில ஆட்டங்களில் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால், சிப்பாய் ஒருவன் இளம்பெண்ணை உணவு தருவதாகச் சொல்லி ஒதுக்குப்புறமாக இழுத்துப் போவதைக் காணலாம். நம்மிடம் பெரும்பாலும் கடப்பாரையோ கத்தியோதான் இருக்கும். அவனிடம் தானியங்கித் துப்பாக்கி. பதுங்கியிருந்து பின்னாலிருந்து தாக்கினால் வாய்ப்பு உண்டு. நேராகப் போனால் நம் ஆள் செத்துப்போவார். வீட்டில் காத்திருக்கும் மற்றவர்கள் வெறும் வயிற்றோடு இருப்பார்கள். ஒன்றும் செய்யாமல் திரும்பிவந்தால் போனவர் மனமுடைந்து போவார்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒன்று உண்டு. காப்பாற்றினால் அந்தச் சிப்பாயின் துப்பாக்கி நமக்குக் கிடைக்கிறது. அது விளையாட்டின் மிக மதிப்பான பொருள்களில் ஒன்று. முதல்முறை அவளுக்காகப் பாய்ந்தவர், இரண்டாம் முறை துப்பாக்கிக்காகப் பாய்வார். உருவாக்கியவர்கள் வேண்டுமென்றே இப்படி வைத்தார்களா என்பது தெரியாமலே எனக்கு இது பிடித்திருக்கிறது.

யாரோடு ஆடத் தொடங்குவது நல்லது?

முதல் ஆட்டத்தில் தேர்வு இல்லை. பாவ்லே, புரூனோ, காட்யா மூவரும் வருவார்கள். பாவ்லே கால்பந்து வீரர், வேகமாக ஓடுவார். புரூனோ தொலைக்காட்சிச் சமையல்காரர், அதே சமையலுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த பொருளே போதும். காட்யா செய்தியாளர், பேரம் பேசுவதில் கெட்டிக்காரி. யாரிடமும் போர்த்திறன் கிடையாது, அதுவும் நல்லதற்கே. பிந்தைய ஆட்டங்களில் படையிலிருந்து ஓடிவந்த ரோமன் கிடைத்தால் பலரும் துள்ளிக் குதிக்கிறார்கள். சண்டை போடத் தெரிந்தவர் கையில் இருந்தால் சண்டை போடத்தான் தோன்றும். விளையாட்டு பாதி கெட்டுப்போகும்.

இவர்களின் முகங்கள் நடிகர்களுடையவை அல்ல. நிறுவனத்தில் வேலை செய்தவர்கள், அவர்களின் நண்பர்கள், உறவினர்களின் புகைப்படங்கள்தான்.

முதல் சில நாட்களில் எதற்கு முன்னுரிமை?

வீட்டுக்குள்ளேயே இருக்கும் இடிபாட்டுக் குவியல்களையும் அலமாரிகளையும் முதல் நாளே துழாவி முடித்துவிடுங்கள். வேலை மேசை, அடுப்பு, குறைந்தது ஒரு கட்டில். பிறகு மழைநீர்த் தொட்டியும் அதற்கான வடிகட்டியும். கடப்பாரை ஒன்று செய்துகொண்டால் பூட்டிய கதவுகள் திறக்கும். இக்கட்டில் ஆயுதமும் ஆகும். ஆட்கள் இருக்கும் இடத்துக்கு ஆரம்பத்திலேயே போகாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அறையில் யாராவது நடமாடினால் அந்தச் சத்தம் இருட்டில் சின்ன வட்டமாகத் துடிக்கும். எலி ஓடினாலும் துடிக்கும். அந்த வட்டத்தைப் பார்த்ததும் ஓடாதீர்கள்; நீங்கள் ஓடும் சத்தம் அவர்களுக்கும் கேட்கும்.

வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரியை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். சாராயம் காய்ச்சக் கற்றுக்கொண்டால் பண்டமாற்றுக்கு அதைவிட வசதி வேறில்லை. புத்தகங்கள் கிடைத்தால் படிக்கலாம், மனச்சோர்வு குறையும். பனிக்காலத்தில் எரிக்கவும் செய்யலாம். பனி வரும், அதற்கு முன்பே விறகு சேருங்கள்.

என் ஆள் எதைச் சொன்னாலும் செய்ய மறுக்கிறார். பிழையா?

பிழை அல்ல. பசி, காயம், களைப்புபோல மனநிலையும் படிப்படியாகக் கீழே போகும். சோகம், ஆழ்ந்த சோகம், கடைசியில் முற்றிலும் உடைந்துபோதல். உடைந்தவர் தரையில் உட்கார்ந்துவிடுவார். மற்றவர்கள் அவரோடு பேச வேண்டும்; நாற்காலி, வானொலி, கிடார் எல்லாம் அதற்காகத்தான். புரூனோவுக்குச் சிகரெட், காட்யாவுக்குக் காபி. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி உதவி கேட்கும்போது ஒருவரை அனுப்பினால் அன்று வேலைக்கு ஓர் ஆள் குறையும், வீட்டின் மனநிலை ஏறும். நோயாளித் தாய்க்கு மருந்து கேட்டு இரண்டு சிறுவர்கள் வருவதும் உண்டு. அப்போது உங்கள் வீட்டில் ஒரே ஒரு மருந்து இருக்கும். அப்படித்தான் வந்து வாய்க்கும்.

கவனியாமல் விட்டால் உடைந்தவர் வீட்டைவிட்டுப் போய்விடலாம், தன் உயிரையே மாய்த்துக்கொள்ளவும் செய்யலாம். இது தெரியாமல் யாரும் தொடங்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தவறான முடிவை மாற்ற, பழைய இடத்திலிருந்து மறுபடி ஆட முடியுமா?

நினைத்த இடத்தில் சேமிக்கும் வசதி இல்லை. ஒவ்வொரு நாளும் விடியும்போது தானாகவே பதிவாகும். இரவில் ஆள் செத்துவிட்டால் உடனே விளையாட்டை மூடிவிட்டு அன்று காலையிலிருந்து தொடங்கும் தந்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாரும் உங்களைப் பிடிக்கப்போவதில்லை. முதல் ஆட்டத்தில் மட்டும் அதைச் செய்யாதீர்கள்.

போர் எப்போது முடியும்?

சொல்லமாட்டார்கள். ஒரு மாதத்தை ஒட்டி முடிவதும் உண்டு, அதைத் தாண்டி இழுப்பதும் உண்டு. வானொலியில் பேச்சுவார்த்தைச் செய்தி வரும், நம்பாதீர்கள்.

குறைகளே இல்லையா?

உண்டு. மூன்றாவது, நான்காவது ஆட்டத்தில் நாம் நிர்வாகி ஆகிவிடுகிறோம். எலிப்பொறி எத்தனை, எந்த இடத்தில் என்ன கிடைக்கும், எந்தத் திருட்டுக்கு எத்தனை நாள் சோகம் என்று எல்லாம் மனப்பாடமாகிவிடும். அப்போது குற்ற உணர்ச்சி என்பது காபியையும் சிகரெட்டையும் கொடுத்துச் சரிக்கட்டும் ஒரு செலவாகிவிடுகிறது. உயிர் பிழைக்க அறத்தை ஓரம்கட்டுவது முதல் ஆட்டத்தில் நடுக்கம் தந்தது. இப்போது அது வெறும் வசதி. இரண்டு ஆட்டத்தோடு நிறுத்திவிட்டுச் சில வருடம் கழித்து மறந்தபின் திரும்பி வாருங்கள் என்பேன்.

சண்டைக் கட்டுப்பாடும் சரியில்லை. மவுஸ் சொடுக்கு ஒன்று தவறினால் கதவைத் திறப்பதற்குப் பதிலாக எதிரியின் முன் போய் நிற்போம். இதைப் போரின் குழப்பம் என்று சிலர் நியாயப்படுத்துகிறார்கள். எனக்கு அது மோசமான கட்டுப்பாடாகத்தான் படுகிறது.

பள்ளியில் பாடமாக வைத்திருக்கிறார்களாமே, உண்மையா?

உண்மை, ஆனால் கேள்விப்பட்ட அளவுக்கு இல்லை. 2020 ஜூனில் அன்றைய போலந்துப் பிரதமர் மதேயுஷ் மொராவியெட்ஸ்கி இதை உயர்நிலைப் பள்ளிகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தார். சமூகவியல், நீதிநெறி, தத்துவம், வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு இலவசமாகத் தந்தார்கள். கட்டாயப் பாடம் அல்ல. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான விளையாட்டு என்பதால் மேல்வகுப்பு மாணவர்களுக்கு மட்டுமே. வகுப்பறையில் ஒரு வீடியோ கேமை உட்கார்ந்து விவாதிப்பது நம் ஊர்ப் பெற்றோர் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

போரை நேரில் கண்டவர்கள் ஆடலாமா?

தமிழ் வாசகர்களிடமிருந்து இந்தக் கேள்வி வருவதில் வியப்பில்லை. 1990-களில் பொருளாதாரத் தடையின்கீழ் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும், ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கெரித்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு இது தாங்கள் பட்டதை அடுத்த தலைமுறைக்குக் காட்ட ஒரு வழியாக இருக்கலாம். சிலருக்குத் தூரத்தில் கேட்கும் ஷெல் சத்தமே போதும், அன்று இரவு தூக்கம் போய்விடும். யாருக்காவது பரிசாக வாங்கிக் கொடுப்பதற்கு முன் இதில் என்ன இருக்கிறது என்று சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

நிறுவனமும் போரைத் தூரத்துச் செய்தியாக விட்டுவிடவில்லை. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும், ஒரு வார விற்பனை லாபம் முழுவதையும் உக்ரைன் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். எட்டு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது.

எதில் ஆடலாம்? தமிழில் இருக்கிறதா?

கணினி, கன்சோல், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் உண்டு. தமிழில் இல்லை. ஆங்கிலம் சுமாராகப் படிக்கத் தெரிந்தால் போதும், நீண்ட உரையாடல்கள் கிடையாது. செல்போனில் ஆடினால் பென்சில் கோடுகளால் தீட்டியதுபோன்ற அந்த ஓவியங்களின் நுணுக்கம் பாதி தெரியாது. கணினித் திரையே மேல்.

கூடுதல் கதைகளை வாங்க வேண்டுமா?

‘தி லிட்டில் ஒன்ஸ்’ 2016-இல் வந்தது, வீட்டுக்குள் குழந்தைகளைக் கொண்டுவருகிறது. குழந்தைக்குப் பொம்மை செய்து தர வேண்டும், பேச வேண்டும், சின்னச் சின்ன வேலை கற்றுத்தர வேண்டும். மூல விளையாட்டே போதுமான அளவு பிழிந்துவிடும் என்பதால் இதைப் பிறகு தொடலாம். தனிக்கதைகளாக வந்த மூன்றில் 2018-இல் வெளியான ‘தி லாஸ்ட் பிராட்காஸ்ட்’ எனக்குப் பிடித்தது. மக்களுக்கு உண்மையைச் சொல்வதா, ஆபத்தைத் தவிர்க்க மறைப்பதா என்று ஒரு வானொலி அறிவிப்பாளர் திண்டாடும் கதை.

இது பிடித்துவிட்டது. அடுத்து என்ன?

இதே நிறுவனத்தின் ‘ஃப்ராஸ்ட்பங்க்’, 2018. உலகமே பனியில் உறைந்த கற்பனையான 1886-ஆம் ஆண்டில், ஒரு நகரத்தின் தலைவராகச் சட்டம் போட வேண்டும். குழந்தைகளை வேலைக்கு அனுப்பலாமா, கஞ்சியில் மரத்தூள் கலக்கலாமா என்பவைதான் சட்டங்கள். இங்கே மூன்று பேர் முகம் தெரியும். அங்கே நூற்றுக்கணக்கானோர் எண்களாகத்தான் தெரிவார்கள், அதனால் கை இன்னும் சுலபமாகக் கையெழுத்துப் போடும். இன்னொன்று, லூகாஸ் போப் 2013-இல் தனியாளாகச் செய்த ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’. நீங்கள் எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் பார்க்கும் குமாஸ்தா. மாலையில் வீட்டு வாடகை, சாப்பாடு, கணப்பு, மருந்து என்று சம்பளத்தைப் பிரிக்கும்போது பணம் பத்தாது. சிறியது, பழைய கணினியிலும் ஓடும். முதலில் அதை எடுங்கள்.